மூன்று கற்களிற் பிழைத்த ஒரு குடி

தந்தையார் தமது நாற்பத்தைந்தாம் வயதிற் காலமானார். மகள் அவர் நினைவாக ஒரு கல்லை நாட்டுவித்தாள். கல்லிலே தந்தையின் பெயரையும், அவர் வகித்த பதவியையும், அவர் எக்குடியின் அவையில் வீற்றிருந்தார் என்பதையும், இறுதியிலே தன் பெயரையும் பொறிப்பித்தாள். எந்நாட்டிலும் எக்காலத்திலும் நிகழக்கூடிய செயல்தான் இது. ஆயினும், பிரித்தானியாவின் வடமேற்கு மூலையிலே, உரோமர் ஆட்சி நிலவிய காலத்தில், அந்த மகள் செய்த இச்சிறு கடமைதான் ஒரு குடியின் பெயரையே அழியாமற் காத்துத் தந்தது என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். அக்குடியினரின் பெயர் கார்வெத்தியர். தந்தையின் பெயர் பிளாவியுஸ் மார்த்தியுஸ். மகளின் பெயர் மார்த்தியோலா. இவ்வாரம் இவர்களைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

பேரறிஞர் கூறாத பெயர்

உரோமர் வருவதற்கு முன்னர் பிரித்தானியாவில் கெல்த்திய இனமொழிகளைப் பேசிய குடிகள் பல வாழ்ந்தன. அவற்றுட் சிலவற்றின் பெயர்களைச் சரித்திர பாடத்தில் நாம் படித்திருக்கின்றோம். கி.பி. 60 அல்லது 61ஆம் ஆண்டில் பூதிக்கா அரசியின் தலைமையில் உரோமருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த இக்கேனியரை அறியாத மாணவர் இலர். வடக்கே பெருநிலப்பரப்பில் வாழ்ந்த பிரிகாந்தியரையும் பலர் அறிவர். ஆனால் கார்வெத்தியரை அறிந்தோர் மிகச் சிலரே. அதற்குக் காரணம் உண்டு. பழைய நூலாசிரியர் ஒருவரேனும் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதி வைக்கவில்லை.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்து, அன்று அறியப்பட்டிருந்த உலகம் முழுவதற்கும் புவியியல் நூல் ஒன்றை எழுதினார் தொலமி. நமது இலங்கைத் தீவைத் 'தப்ரபேன்' என்னும் பெயராற் குறித்து, அதன் ஊர்களையும் ஆறுகளையும் முனைகளையும் வரிசைப்படுத்தியவர் அவரே. அத்துணை தொலைவிலுள்ள நம் தீவையே விட்டுவிடாத அவர், பிரித்தானியாவின் குடிகளையும் ஒவ்வொன்றாகக் கூறிச் செல்கின்றார். பிரிகாந்தியர் கிழக்குக் கடல் தொடங்கி மேற்குக் கடல் வரை பரந்திருந்தனர் என்கின்றார். அவர்தம் ஊர்களையும் குறிப்பிடுகின்றார். கார்வெத்தியர் என்ற பெயர் மட்டும் அந்நூலில் இல்லை.

இலத்தீன் சரித்திராசிரியருட் சிறந்தவரான தாசித்தஸ், பிரித்தானியாவின் தேசாதிபதியாக இருந்த அக்ரிகோலாவின் மருமகனார். மாமனாரின் வரலாற்றையே தனிநூலாக எழுதியவர். அந்நாட்டுச் செய்திகளை அவரைப் போல அறிந்தவர் அரியர். அவரும் இக்குடியைக் குறிக்கவில்லை. உரோமருக்கு எதிராகப் போர் தொடுத்த வெனூத்தியுஸ் என்னும் தலைவனைப் பற்றி அவர் எழுதுகின்றார். அவன் பிரிகாந்தியரின் அரசி கார்த்திமாந்துவாவின் கணவன். அவன் உண்மையிற் கார்வெத்தியர் குலத்தவனாய் இருக்கலாம் எனத் தற்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். அது ஊகமே. தாசித்தஸ் அவனைப் பிரிகாந்தியன் என்றே சொல்லிப் போகின்றார்.

பெரிய குடி ஒன்றின் நிழலில் வாழும் சிறிய குடிக்கு இது நேர்வதுண்டு. தொலைவில் இருந்து பார்ப்பவருக்குப் பெரிய மரம் மட்டுமே தெரியும். அதனடியில் நிற்கும் செடிக்கும் ஒரு பெயர் உண்டு என்பது அருகிற் சென்றவருக்கே தெரியும்.

மானின் பெயர் கொண்டோர்

கார்வெத்தியர் என்னும் சொல்லுக்கு 'மானைச் சார்ந்த மக்கள்' என்பது பொருளாகலாம் என மொழிநூலார் கூறுவர். இன்றும் வாழும் வேல்ஸ் மொழியிற் 'கார்வ்' என்றால் கலைமான். மலையும் காடும் ஏரியும் செறிந்த அந்நிலத்து மக்களுக்கு அப்பெயர் பொருந்துவதேயாம்.

இன்று கம்பிரியா என வழங்கும் வடமேற்கு இங்கிலாந்தே அவர்களது நாடு. நடுவே ஈடன் என்னும் ஆறு வடக்கு நோக்கி ஓடிச் சொல்வே என்னும் கடற்கழியிற் கலக்கின்றது. ஆற்றுப் பள்ளத்தாக்கிலே நல்ல நிலம் உண்டு. இரு மருங்கிலும் மலைகள். மழை மிகுந்த நாடு. மக்கள் மாடும் ஆடும் வளர்த்தனர். இயன்ற இடங்களிற் தானியமும் விளைவித்தனர். வட்ட வடிவமான வீடுகளைக் கட்டி, அவற்றைச் சூழக் கல்லாலோ மண்ணாலோ வேலி எழுப்பி, குடும்பம் குடும்பமாக வாழ்ந்தனர். அவ்வாறான குடியிருப்புக்களின் அடிக்கற்களை அம்மலைச் சாரல்களில் இன்றும் காணலாம். அவற்றுள் ஒன்று யூ குளோஸ் என்னும் இடத்தில் உள்ளது. அதன் அருகே செல்லும் உரோமத் தெரு, நேராகச் செல்லும் தன் இயல்பை விட்டு, அக்குடியிருப்பை ஒட்டிச் சற்றே வளைந்து செல்கின்றது. குன்றையும் பொருட்படுத்தாது நேர்க்கோடாகத் தெரு அமைத்தவர்கள் உரோமர். அவர்களது தெருவே ஒதுங்கிச் சென்றதெனின், அவ்விடத்தில் வாழ்ந்தோர் ஓரளவு மதிப்புடையோராய் இருந்திருத்தல் வேண்டும்.

படையின் நிழலில்

உரோமப் படை இந்நாட்டுக்குள் வந்து நிலைத்த ஆண்டினை நாம் துல்லியமாகக் கூற முடிகின்றது. இதனைச் சொல்வது ஏடன்று, மரம். கார்லைல் நகரில் உரோமர் முதன்முதற் கட்டிய கோட்டையின் மரத்தூண்கள் ஈர மண்ணுக்குள் அழியாமற் கிடந்தன. மரத்தின் குறுக்கு வெட்டிலே ஆண்டுக்கு ஒன்றாகத் தோன்றும் வளையங்களை எண்ணி ஒப்பிட்டு, அம்மரங்கள் கி.பி. 72ஆம் ஆண்டின் இறுதிக்கும் 73ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என அறிஞர் முடிவு செய்தனர். அப்போது பிரித்தானியாவின் தேசாதிபதியாக விளங்கியவர் பெத்தில்லியுஸ் கெரியாலிஸ். அக்கோட்டையைச் சூழ வளர்ந்த ஊர் லூகுவாலியம் எனப்பட்டது. லூகுஸ் என்னும் கெல்த்தியத் தெய்வத்தின் பெயர் அவ்வூர்ப் பெயரில் அடங்கியிருப்பதைக் காண்க.

கி.பி. 122ஆம் ஆண்டு ஹேட்ரியன் சக்கரவர்த்தி பிரித்தானியாவுக்கு வந்தார். கிழக்குக் கடலில் இருந்து மேற்குக் கடல் வரை ஒரு பெருமதில் எழுந்தது. அதன் நீளம் உரோமர் கணக்கில் 80 மைல். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 117 கிலோமீற்றர். அம்மதிலின் மேற்குப் பகுதி கார்வெத்தியர் நாட்டினூடாகவே சென்றது. கார்லைல் நகருக்கு எதிரே, ஈடன் ஆற்றின் மறுகரையில் உள்ள ஸ்ரனிக்ஸ் என்னும் இடத்தில், 'பெத்திரியானா' என்ற குதிரைப்படைப் பிரிவு தங்கியது. ஆயிரம் வீரரைக் கொண்ட அப்பிரிவின் கோட்டையே மதிற் கோட்டைகள் யாவற்றிலும் பெரியது. தெற்கே வொரேதா, புரொக்காவும் முதலிய கோட்டைகள் தெருவோரமாக நின்றன. மேற்குக் கடற்கரையிலும் கோட்டைகள் இருந்தன.

மான் மேய்ந்த பள்ளத்தாக்கிலே குதிரைப்படை வந்து குடியேறிவிட்டது. படைக்குத் தானியம் வேண்டும், தோல் வேண்டும், சுமைக்கு விலங்குகள் வேண்டும். இவை யாவற்றுக்கும் அயலில் வாழ்ந்த உழவனையும் மேய்ப்பனையும் நோக்கியே படையினரின் கை நீண்டது. அவன் தன் நாட்டிலேதான் இருந்தான். ஆனால், தன் நாட்டின் வழிகளிற் செல்வதற்கும் தன் ஆட்டை விற்பதற்கும் இனி வேறொருவரின் மனநிலையை அறிந்து நடக்க வேண்டியவனானான்.

உரோமப் படையினர் இம்மக்களை எவ்வாறு நோக்கினர்? இதற்கும் ஒரு சான்று கிடைத்திருக்கின்றது. கார்லைலுக்குக் கிழக்கே, மதிலுக்குச் சற்றுத் தெற்கே விந்தோலாந்தா என்னும் கோட்டை உண்டு. 1973ஆம் ஆண்டு தொடக்கம் அங்கு நிகழ்ந்த அகழ்வுகளில், மையினால் எழுதப்பட்ட மெல்லிய மரவேடுகள் நூற்றுக்கணக்கிற் கிடைத்தன. அவை கி.பி. 100ஆம் ஆண்டையொட்டியவை. ஓர் ஏட்டிலே, பிரித்தானியரின் போர் முறையைப் பற்றிக் குறிப்பெழுதிய உத்தியோகத்தர் ஒருவர், அவர்களைப் 'பிரித்துன்குலி' என்கின்றார். அற்பப் பிரித்தானியர் என்பது அதன் கருத்து. இன்னோர் ஏட்டில், லூகுவாலியத்தில் இருந்த அன்னியுஸ் எக்குவேஸ்தர் என்னும் படைத்தலைவனின் பெயர் வருகின்றது. அவன் அப்பிரதேசத்தைக் கண்காணிக்கும் பொறுப்புடையவன். அந்நாளிற் கார்வெத்தியர் நாட்டை ஆண்டது அவர்தம் அவையன்று. படை உத்தியோகத்தரே என்பதை இதனால் உய்த்துணரலாம்.

அவ்வேடுகளில் நமக்குச் சுவையளிக்கும் செய்தி ஒன்றும் உண்டு. ஒரு கணக்கேட்டிலே, ஒருவன் இரண்டு வெள்ளிக் காசுக்கு மிளகு வாங்கியதாகக் குறிக்கப்பட்டுள்ளது. அந்நாளில் உரோமர் உண்ட மிளகு, சேர நாட்டு முசிறி முதலிய துறைகளில் இருந்தே கப்பலேறியது. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதைச் சங்கப் புலவர் பாடியிருக்கின்றனர். மேற்கு மலைத்தொடரில் விளைந்த மிளகு செங்கடலைக் கடந்து, எகிப்தைக் கடந்து, ஐரோப்பாவின் வட கோடியிற் குளிரில் நடுங்கிய ஒரு படைவீரனின் உணவிற் சேர்ந்தது. மிளகின் விலை கூட எழுத்தில் நின்றுவிட்டது. ஆனால், அயலில் வாழ்ந்து அவ்வீரனுக்கு இறைச்சியும் தோலும் அளித்த குடியின் பெயரை எழுதுவார் இல்லை.

அவையும் தனாதிகாரியும்

காலம் மாறிற்று. உரோமர் தாம் வென்ற நாடுகளை என்றும் படையினாலேயே ஆண்டனர் அல்லர். ஒரு பிரதேசம் அடங்கியதும், அங்குள்ள குடியைச் 'சிவித்தாஸ்' என்னும் ஆட்சிப் பிரிவாக அமைத்து, உள்ளூர்ப் பெருமக்களைக் கொண்ட மூதவை ஒன்றை நிறுவி, வரி திரட்டல், வழக்குத் தீர்த்தல், தெருக்களைப் பேணல் முதலிய கருமங்களை அவ்வவையிடம் ஒப்படைத்தனர். தெற்கேயுள்ள குடிகளுக்கு இவ்வுரிமை முன்னரே கிடைத்தது. மதிலோரத்துக் கார்வெத்தியருக்கோ அது மிகவும் பிந்தியே கிடைத்தது. எனினும் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்கள் அதனைப் பெற்றிருந்தனர் என்பதில் ஐயமில்லை.

அவ்வாறு பெற்ற அவையிலேதான் மார்த்தியோலாவின் தந்தை வீற்றிருந்தார். கல்லின் வாசகத்தைத் தமிழிற் சொல்வதாயின் இவ்வளவே: மறைந்த ஆவிகளாகிய தெய்வங்களுக்கு. கார்வெத்தியர் குடியின் மூதவையினரும் தனாதிகாரி பதவி வகித்தவருமான பிளாவியுஸ் மார்த்தியுஸ் அவர்களுக்கு. அவர் வாழ்ந்த ஆண்டுகள் 45. அவர் மகளும் உரிமையாளருமான மார்த்தியோலா இதனை நாட்டுவித்தாள்.

இச்சில சொற்களிலே எத்துணைச் செய்திகள் அடங்கியுள்ளன! கார்வெத்தியருக்கு ஒரு மூதவை இருந்தது. அதற்குப் பொருட் கணக்கும், அதனைப் பார்க்கத் தனாதிகாரியும் இருந்தனர். பெண் ஒருத்தி தந்தையின் சொத்துக்கு உரிமையாளர் ஆகலாம். பெயர்களோ முற்றிலும் இலத்தீன் பெயர்கள். பிளாவியுஸ் என்பது கி.பி. 69 முதல் 96 வரை உரோமாபுரியை ஆண்ட அரசமரபின் பெயர். அக்குடும்பத்தின் முன்னோர் ஒருவர் அம்மரபினரின் காலத்திற் குடியுரிமை பெற்றிருக்கலாம். அற்பப் பிரித்தானியர் என்று இகழப்பட்ட நாட்டிலே, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர், உரோமப் பெயர் தாங்கி, உரோம முறைப்படி அவையேறி, உரோமரின் மொழியிலேயே கல் நாட்டும் குடும்பங்கள் தோன்றிவிட்டன.

இது உயர்வா, தாழ்வா? இவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறுதல் இயலாது. தனாதிகாரி பதவி பெருமைக்குரியது. ஆயினும், பேரரசுக்குரிய வரியைத் தம் மக்களிடமே திரட்டிக் கொடுக்க வேண்டிய அவை அது. ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் நடுவே நிற்பவனின் நிலை எந்நாளும் எளிதன்று. மார்த்தியுஸ் அப்பணியை எவ்வாறு ஆற்றினார் என்பதைக் கல் கூறவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அது தெளிவாகக் கூறுகின்றது. உரோமப் பெயரைத் தாங்கிய அம்மனிதர் இறந்தபோது, அவர் மகள் அவரை உரோமர் என்று மட்டும் எழுதி அமையவில்லை. 'கார்வெத்தியர் குடியின்' மூதவையினர் என்றே எழுதினாள்.

மூன்று எழுத்துக்களின் புதிர்

இனி மற்றை இரு கற்களைப் பார்ப்போம். இரண்டும் மைற்கற்கள். இரண்டும் ஈடன் பள்ளத்தாக்கிற் பென்றித் நகரின் அயலிற் கிடைத்தவை. உரோமத் தெருக்களின் ஓரத்தில் நாட்டப்பட்ட இக்கற்களிலே, ஆளும் சக்கரவர்த்தியின் பெயரும் பட்டங்களும் விரிவாகப் பொறிக்கப்படும். நாட்டியவர் பெயரோ, இடம் மிஞ்சினால், ஓரிரு எழுத்துக்களாகச் சுருக்கப்படும்.

1964ஆம் ஆண்டில் பிறென்ச்பீல்ட் என்னும் இடத்தில் ஒரு மைற்கல் வெளிப்பட்டது. அதிலுள்ள சக்கரவர்த்தி பொஸ்துமுஸ். கி.பி. 260 முதல் 269 வரை, உரோமாபுரியின் ஆணையை ஏற்காது, காலிய நாட்டையும் பிரித்தானியாவையும் தனியாட்சி செய்தவர். பட்டங்கள் யாவும் கூறி முடிந்தபின், கல்லின் அடியிலே சில எழுத்துக்கள் காணப்பட்டன. அவற்றின் இறுதியில் நின்றவை 'கார்' என ஒலிக்கும் மூன்று இலத்தீன் எழுத்துக்கள். இம்மூன்று எழுத்துக்களையும் தனியே வைத்துக் கொண்டு எவரால் என்ன சொல்ல முடியும்? அவற்றை விரித்துப் படிக்கத் திறவுகோல் ஒன்று வேண்டும். அத்திறவுகோல் மார்த்தியோலாவின் கல்லில் இருந்தது. அவள் தன் குடியின் பெயரை ஏறக்குறைய முழுமையாகவே பொறிப்பித்திருந்தாள். இறுதியெழுத்துக்கள் சில மட்டுமே குறைந்தன. ஆகவே 'கார்' என்பது கார்வெத்தியர் என்றும், கல்லை நாட்டியது 'கார்வெத்தியர் குடியின் பொது அமைப்பு' என்றும் ஆராய்ச்சியாளர் படித்தறிந்தனர்.

மகளின் கல்லும் மைற்கல்லுக்குக் கடமைப்பட்டதே. முன்னர், 'ஒருவன் எங்கோ பிறந்து எங்கோ இறக்கலாம். அவன் கல் கிடைத்த இடம் அவன் குடியின் நாடு ஆகிவிடுமா?' எனக் கேட்பதற்கு இடமிருந்தது. அவையொன்று பிறர் நாட்டிற் சென்று மைற்கல் நாட்டாது. எனவே கார்வெத்தியர் நாடு இதுவே என்பது உறுதியாயிற்று.

பிற்காலத்தில் லாங்வத்பி என்னும் ஊரிலே இன்னொரு மைற்கல் கிடைத்தது. கி.பி. 222 முதல் 235 வரை ஆண்ட செவேருஸ் அலெக்சாந்தர் சக்கரவர்த்தியின் பெயரை அது தாங்கியிருந்தது. அதிலும் அக்குடியின் பெயர் அதே மூன்று எழுத்துக்களாகவே நின்றது. லூகுவாலியத்தில் இருந்து 19 மைல் என்ற தொலைவும் குறிக்கப்பட்டிருந்தது. தூரம் அளக்கப்படும் இடமே தலைநகர். ஆதலால் கார்லைலே கார்வெத்தியரின் தலைநகராதல் வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்க செய்தி ஒன்றுண்டு. தெற்கே லூன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், மிடில்ரன் என்னும் ஊரில், 53 என்ற மைல் எண்ணை மட்டுமே தாங்கிய உரோம மைற்கல் ஒன்று நிற்கின்றது. அங்கிருந்து 53 உரோம மைல் எண்ணிச் சென்றால் நாம் அடையும் ஊர் கார்லைல். கார்வெத்தியரின் எல்லை அவ்வளவு தெற்கே சென்றது போலும் எனக் கருதுவோர் உளர். நிலத்துக்குள் கிடந்த அக்கல்லை 1836ஆம் ஆண்டில் வில்லியம் மூர் என்னும் பெருமகன் எடுத்து நிறுத்தி, தாம் செய்ததை இலத்தீன் மொழியிலேயே அதன்மீது பொறித்து வைத்தார்.

கல்லைப் படித்த ஆசிரியர்கள்

கல் இருந்தாற் போதாது. அதனைப் படிப்பவரும், படித்ததை எழுதி வைப்பவரும் வேண்டும். மார்த்தியோலாவின் கல் வொரேதா என்னும் பழைய கோட்டையிருந்த இடத்தில் வெளிப்பட்டது. அதன் வாசகத்தை 1600ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் அச்சேற்றியவர் வில்லியம் கம்டன். பிரித்தானியாவின் பழைமைகள் யாவற்றையும் தொகுத்து இலத்தீனில் ஒரு பெருநூல் எழுதியவர் அவர். அந்நூல் முதன்முதல் 1586ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்வந்த பதிப்புக்களில் அவர் மேலும் மேலும் செய்திகளைச் சேர்த்தார். அவர் பிறப்பாற் பிரபு அல்லர். வெஸ்ட்மின்ஸ்ரர் பாடசாலையில் ஆசிரியராகவும் பின் தலைமையாசிரியராகவும் பணியாற்றியவர். விடுமுறை நாட்களிலே ஊர் ஊராகச் சென்று கல்லும் சுவரும் பார்த்து வந்தார்.

கார்வெத்தியர் நாட்டின் நடுவிலேயே, அப்பிள்பி என்னும் சிற்றூரில், இன்னொரு தலைமையாசிரியர் இருந்தார். அவர் பெயர் றெஜினால்ட் பெயின்பிரிக். அவரும் அயலிற் கிடந்த உரோமக் கல்வெட்டுக்களைத் தேடிச் சென்று படியெடுத்துக் கம்டனுக்கு அனுப்பினார். பழைய கற்களைச் சுவர் கட்டவும் படிக்கட்டு அமைக்கவும் எடுத்துச் சென்ற காலம் அது. அன்று இவ்விரு ஆசிரியர்களும் அவர் போன்றோரும் எழுதி வையாதிருந்தால், எத்தனையோ வாசகங்கள் அடுக்களைச் சுவருக்குள் மறைந்திருக்கும். மார்த்தியோலாவின் கல்லும் இன்று நமக்கு அத்தகைய பழைய படிகளின் வாயிலாகவே பேசுகின்றது. ஆசிரியத் தொழிலில் இருப்போர் நெஞ்சு நிமிர்வதற்கு இதனினும் மேலான காரணம் வேண்டுமோ?

மறைந்தவையும் நிலைத்தவையும்

கார்வெத்தியர் தம் தெய்வங்களை விடவில்லை. பெலாதுகாத்ருஸ் என்னும் தெய்வத்துக்கு எடுத்த சிறு பலிபீடங்கள் இப்பகுதியிலேயே செறிந்து கிடைக்கின்றன. உரோமர் அத்தெய்வத்தைத் தம் போர்க்கடவுளான மார்ஸ் என்பாரோடு ஒன்றாக வைத்து எண்ணினர். அப்பீடங்கள் பல சிறியவை. செதுக்கு வேலையும் கரடுமுரடானது. தெய்வத்தின் பெயரோ கல்லுக்குக் கல் வேறுபட்ட எழுத்துக்களாற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. எளிய மக்கள், தாம் நாவினால் மட்டுமே அறிந்த பெயரை, அயல் மொழி எழுத்திலே எப்படியாவது அமைத்துவிட முயன்றதன் அடையாளம் அது. எழுத்துப் பிழை மலிந்த அப்பீடங்களைப் பார்க்கும்போது நமக்குச் சிரிப்பு வருவதில்லை. இரக்கமும் மதிப்புமே உண்டாகின்றன.

ஏனெனில் அம்மக்கள் வீட்டிற் பேசிய மொழி இலத்தீன் அன்று. அது வேல்ஸ் மொழிக்கு முன்னோடியான பழைய பிரித்தானிய மொழி. அம்மொழியிலே கார்வெத்தியர் எழுதிய ஒரு வரியும் நம் கைக்கு எட்டவில்லை. மார்த்தியோலா தாலாட்டுக் கேட்ட மொழி அதுவாக இருக்கலாம். தந்தைக்குக் கல் நாட்டிய மொழி வேறு. தன் குடியின் பெயரைக் காப்பதற்கும் ஆள்வோரின் மொழியையே நாட வேண்டியிருந்தது.

கி.பி. 410ஆம் ஆண்டளவிற் பிரித்தானியாவில் உரோமராட்சி முடிவுற்றது. கார்வெத்தியர் என்னும் பெயரும் அத்துடன் வழக்கொழிந்தது. கி.பி. 685ஆம் ஆண்டிலே கத்பேர்ட் என்னும் கிறித்தவத் துறவி கார்லைலுக்கு வந்தபோது, ஊரவர் அவரை அழைத்துச் சென்று, நகர மதிலையும் உரோமர் வியத்தகு முறையில் அமைத்த நீரூற்றையும் காட்டினராம். உரோமரின் பெயர் அப்போதும் மறக்கப்படவில்லை. கார்வெத்தியரை நினைத்தவர் உண்டோ என்பதற்குச் சான்றில்லை.

ஆயினும் ஒரு மக்கட் கூட்டம் சுவடின்றி மறைந்துவிடுவதில்லை. தொலமி 'இத்தூனா' எனக் குறித்த ஆறே இன்று ஈடன் என ஓடுகின்றது. லூகுவாலியம் என்ற பெயர் தேய்ந்து, கோட்டையைக் குறிக்கும் 'கயர்' என்னும் வேல்ஸ் சொல்லைத் தலையிற் சேர்த்துக் கொண்டு, கார்லைல் ஆயிற்று. கம்பிரியா என்பதும், வேல்ஸ் மக்கள் தம்மைக் குறிக்கும் 'கம்ரி' என்பதும் ஒரே வேரில் முளைத்தவை. 'ஒரே நாட்டார்' என்பது அவ்வேர்ச் சொல்லின் பொருள். தனிக்குடியின் பெயர் போயிற்று. உறவைச் சொல்லும் பெயர் நின்றது.

அந்நிலம் இன்னும் பேசி முடியவில்லை. 2017ஆம் ஆண்டிற் கார்லைல் நகரத் துடுப்பாட்ட மைதானத்திலே உரோமரின் நீராட்டு மண்டபம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் அங்கிருந்து கல்லிற் செதுக்கிய இரு பெரிய தலைகள் வெளிவந்தன. படையும் பேரரசும் விட்டுச் சென்ற பொருள்கள் இவ்வாறு பெருகிக் கொண்டே செல்கின்றன. எனினும் கார்வெத்தியர் என்னும் பெயருக்கு ஆதாரமாக நிற்பவை நாம் கண்ட அந்த மூன்று கற்களேயாம்.

இம்மூன்றினையும் எண்ணிப் பார்க்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனித்தல் நன்று. இரண்டு கற்கள் அரசாங்கத்துக்காக நாட்டப்பட்டவை. அவற்றில் அரசன் பெயர் நீண்டது; மக்கள் பெயர் மூன்று எழுத்துக்களாய்க் குறுகியது. மூன்றாவது கல் ஒரு மகளின் அன்பினால் நாட்டப்பட்டது. அதிலே தான் மக்கள் பெயர் விரிந்து நின்றது. சக்கரவர்த்திகளின் கற்களை வாசிப்பதற்கு அம்மகளின் கல்லே பின்னாளில் உதவிற்று. மார்த்தியோலா சரித்திரம் எழுத எண்ணியவள் அல்லள். தந்தை யார் என்பதைக் கேட்போர்க்குச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று மட்டுமே எண்ணினாள். அதனைச் சுருக்காமற் சொன்னாள். அவ்வளவே.

நம் வீட்டு முதியோர்களின் பெயரும் ஊரும் தொழிலும் எழுதிய தாள் ஒன்றேனும் நம்மிடம் உண்டா? இல்லையெனின், இந்த ஞாயிற்றுக்கிழமை மாலையிலேயே அவர்கள் அருகில் அமர்ந்து கேட்டு எழுதத் தொடங்கலாம். கல் வேண்டியதில்லை, ஓர் அப்பியாசக் கொப்பி போதும்.